யூரியேஸ்: யூரியாப் பகுப்பு நொதி

யூரியேஸ் என்ற பெயரின் முன்பாதி யூரியா. சிறுநீரைக் குறிக்கும் 'ஊரோன்' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. பின்பாதியான 'ஏஸ்' ஒரு வால். 1833இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாயன், பெர்சோ இருவரும் முளைகட்டிய பார்லியில் கண்ட பொருளுக்கு, 'பிரித்தல்' என்ற பொருளில் 'டயஸ்டேஸ்' எனப் பெயரிட்டார்கள். அதன் கடைசி அசைதான் பிறகு பெரும்பாலான நொதிகளுக்கு ஒட்டாகிவிட்டது.

தமிழில் 'யூரியா நொதி' என்று சிலர் எழுதுவது போதாது. யூரியாவால் ஆன நொதி என்றும் படிக்கலாம். 'யூரியாப் பகுப்பு நொதி' என்பதே சரி. இலங்கை வழக்கில் நொதி, 'நொதியம்' ஆகும். மாவு புளிப்பதைச் சொல்லும் நொதித்தலுக்கும் யூரியாவைப் பிரிக்கும் இந்த வேலைக்கும் இன்று தொடர்பில்லை, இது நீராற்பகுப்பு, அதாவது நீரைக் கொண்டு பிரிப்பது. ஆனாலும் நாட்பட்ட சிறுநீர் அமோனியா நெடியடிப்பதை 19ஆம் நூற்றாண்டில் நொதித்தல் என்றுதான் அழைத்தார்கள்.

1926இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 'ஜாக் அவரை' (jack bean) விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாக்கினார். படிகமாக்கப்பட்ட முதல் நொதி அதுவே. அதில் நிக்கல் இருப்பது 1975இல்தான் தெரிந்தது. பாக்டீரிய யூரியேஸின் அணு அளவிலான வடிவம் 1995இல் கிளெப்சியெல்லா ஏரோஜெனிஸ் என்ற பாக்டீரியாவின் நொதியில் வெளிப்பட்டது. மூவகைப் புரதச் சங்கிலிகள் ஒரு தொகுதி; மூன்று தொகுதிகள் கூடி ஒரு மூலக்கூறு. வினை நடக்கும் இடமான ஒவ்வொரு வினைமையத்திலும் ஏறத்தாழ 3.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு நிக்கல் அயனிகள். இரண்டையும் பிணைப்பது புரதச் சங்கிலியின் 217ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம், அதுவும் கார்பன் டை ஆக்சைடு ஏறிய லைசின். நிக்கல் இல்லாவிட்டால் புரதம் உருவாகும், வேலை செய்யாது.

யூரியா ஒரு நிக்கலைப் பற்றியதும், நிக்கல்களிடையே உள்ள ஹைட்ராக்சைடு அதன் கார்பனைத் தாக்குகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஓர் அமோனியா கழல்கிறது. மிஞ்சும் கார்பமேட் தானாகவே உடைந்து இரண்டாவது அமோனியாவைத் தருகிறது. காரத்தன்மை ஏறுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பை அமிலத்தில் பிழைப்பது இதனால்தான்.

ஒரு நுண்ணுயிரில் யூரியேஸ் இருப்பதை ஆய்வகத்தில் காட்டுவது கிறிஸ்டென்சன் அகார் என்ற வளர்ப்பு ஊடகம். 95 மி.லி. அடிப்படை ஊடகத்தை 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் நீராவியழுத்தத்தில் வைத்து, 50 பாகைக்கு ஆறவிட்டு, வடிகட்டித் தூய்மை செய்த 40 சதவீத யூரியாக் கரைசல் 5 மி.லி. சேர்க்க வேண்டும். யூரியாவையும் சேர்த்துச் சூடாக்கினால் அது சிதைந்து, நுண்ணுயிரை இடும் முன்பே ஊடகத்தில் உள்ள 'ஃபீனால் சிவப்பு' என்ற நிறங்காட்டி இளஞ்சிவப்பாகிவிடும். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா சில மணி நேரத்தில் நிறம் மாற்றும். பல நாள் வைத்தால் ஊடகத்தில் உள்ள பெப்டோன் என்ற புரத உணவின் சிதைவாலும் காரம் ஏறி ஏமாற்றும். அதனால் யூரியா இல்லாத குழாய் ஒன்றும் பக்கத்தில் வேண்டும்.