தோட்டத்துக்கு பிரதேச சபை சல்லி போடேலாதுன்னு இனி யாரும் சொல்லாதீங்க

போன கிழமையும் நம்ம மலையகத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து மூணு அக்காமார் வந்தாங்க. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துல சின்னதா மரக்கறிச் சந்தை போடணும், சபை கொட்டில் கட்டித் தரணும்னு எழுதின கடிதாசி, நாலா மடிச்சு பால்மா பக்கட்டுக்குள்ள பத்திரமா வச்சிருந்தாங்க. சபையில வாங்கிப் பார்த்த ஆள் "தோட்டத்துக்குள்ள நாங்க சல்லி போடேலாது, தோட்டத்து மேனேஜர் துரைகிட்ட போங்க"ன்னுட்டாரு, துரை "அது சபை வேலை"ன்னுட்டாரு. இந்த வருசம் இது நாலாவது கேஸ், மனசு தாங்கல.

ஏலும்ங்க! இலங்கையோட 1987-ம் வருசத்து 15-ம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 33-ம் பிரிவு, கிராமத்தைப் பத்தித்தான் பேசுச்சு, அதைக் காட்டியே முப்பது வருசம் லயத்து ஆளுங்களை, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல இருக்கிறவங்களைத் திருப்பி அனுப்பினாங்க. 2018-ல அதைத் திருத்தி தோட்டத்தையும் சேர்த்தாச்சு. அந்தக் காலத்துலதான் நுவரெலியா மாவட்டத்துல நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனைன்னு புதுச் சபைங்களும் வந்துச்சு. நிலம் அரசாங்கத்துது, கம்பெனி குத்தகைக்கு வச்சிருக்கு, அதனால கட்டடம் கட்ட கம்பெனி சம்மதம் எழுத்துல வேணும்தான், ஆனா அதுக்காக சபைக்கு அதிகாரமே இல்லைன்னு ஆகிடாது. இதைச் சபை உத்தியோகத்தர்மாரும் படிச்சு வச்சுக்கணும்.

சபையோட எப்படிப் பழகணும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். கனடாவுல 2013-ல அங்கத்து ஆதிக்குடிச் சமூகங்களையும் பக்கத்து நகரசபைகளையும் ஒண்ணா உட்கார வைக்கிற ஒரு திட்டம் தொடங்குச்சு. அந்த ஆதிக்குடிகளுக்குச் சொந்தமா சபை இருக்குது, நம்ம நிலைமை வேற, அதை அப்படியே இங்க கொண்டு வரேலாது. ஆனா அங்க ரெண்டு தரப்பும் முதல்ல ஒருத்தரை ஒருத்தர் போய்ப் பார்த்துப் பேசி, நட்பு ஒப்பந்தம் எழுதிட்டுத்தான் தொழில் திட்டத்துக்கே வந்தாங்க. நாம கொட்டில் வேணும்ங்கிற அன்னைக்குத்தான் சபை வாசலையே மிதிக்கிறோம், சபைக்காரங்களும் ஓட்டுக்குத்தான் லயத்துக்கு வர்றாங்க.

வாய்வார்த்தையை நம்பாதீங்க, தயவுசெஞ்சு. 2018 தேர்தல்ல வந்த சபைங்களோட காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சு, 2025 மே தேர்தல் வரைக்கும் உறுப்பினரே இல்லாம செயலாளர்தான் நடத்தினாரு, அதுக்குள்ள எத்தனை வாக்குறுதி காணாமப் போச்சுன்னு எனக்குத் தெரியும். தீர்மானமா எழுதி, கூட்டக் குறிப்புல ஏத்தி, கொப்பி ஒண்ணு கையில வாங்குங்க. மாதர் சங்கத்துல இருந்து ரெண்டு பேராவது போங்க, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலவரை மட்டும் தனியா அனுப்பாதீங்க.

அந்த அக்காமாரோட கடிதாசியில இப்ப துரையோட கையொப்பமும் இருக்குது. செவ்வாய்க்கிழமை சபைத் தவிசாளரைப் பார்க்க நானும் கூடப் போறேன்.