பரம்பரை உடம்பு, பரம்பரை மறதி: மாத்திரையை நிறுத்த இது காரணமல்ல

ஜீன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்த இன்னொருவரை இந்த வாரம் பார்த்தேன். பள்ளிபாளையம் பக்கம் தறிப்பட்டறை வைத்திருக்கிறார், ஐம்பதை நெருங்குகிற வயது. அம்மாவுக்கு மறதி நோய். அம்மாவும் கனத்த உடம்பு, இவரும் அப்படியே. மகன் பணம் கட்டி எடுத்துக்கொடுத்த எச்சில் பரிசோதனையில், உடல் பருமனுக்கான ஜீன் இருப்பதாக வந்திருக்கிறது. "ஜீன்லயே எழுதியிருக்குதுங்க டாக்டர். அம்மாளுக்கு வந்தது எனக்கும் வரத்தான் செய்யும். அப்புறம் மாத்திரையத் தின்னு என்னங்க ஆகப்போகுது?" மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) பத்து சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டார்.

ரிப்போர்ட் இல்லாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "எங்க வம்சமே இந்த வாகுதானுங்க." சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுகிறார்கள். பயந்து வருகிறவர்களைத் தேற்றி அனுப்பிவிடலாம். இந்த நிம்மதிதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

அந்த ரிப்போர்ட்டில் இருந்த ஜீனின் பெயர் எஃப்டிஓ. 2007இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 39,000 பேரை வைத்து, இதற்கும் எடைக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். ஏறத்தாழ எல்லா ஜீனும் நமக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டாக வருகிறது. எடை கூட்டுகிற வடிவத்தை இரண்டு வழியிலும் வாங்கியவர்கள், ஒரு வழியிலும் வாங்காதவர்களைவிட எவ்வளவு கூடுதல் எடை இருந்தார்கள் தெரியுமா? சராசரியாக மூன்று கிலோ. இருபத்தைந்து, முப்பது கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு வந்து, அத்தனையையும் இந்த ஒரு ஜீன் தலையில் இறக்கிவைத்தால் நான் எப்படி ஒப்புக்கொள்வது?

வீட்டில் உங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) பழைய படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவர், கம்பங்களி தின்றவர், சந்தைக்கு நடந்தே போய் வந்தவர். விலா எலும்பை எண்ணிவிடலாம். உங்களுக்கு இருக்கிற ஜீன் அவர் வழியாக வந்ததாகத்தானே சொல்கிறீர்கள்? அது அவரை ஏன் குண்டாக்கவில்லை? இரண்டு தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் ஜீன் மாறிவிடாது. மாறியது சாப்பாடும் வேலையும்தான். இது என் ஊகமும் அல்ல. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வில் இதே எஃப்டிஓவைத் தேடிப் பார்த்தார்கள். 1942க்குப் பிறகு பிறந்தவர்களிடம்தான் அது எடையைக் கூட்டியது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் அதே ஜீன் இருந்தும் எடையில் அதன் சாயல் தெரியவில்லை. 2011இல் வெளியான இன்னொரு ஆய்வு, 2,18,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த ஜீனால் பருமனாகும் வாய்ப்பு ஏறத்தாழ 27 சதவீதம் தணிந்திருந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வீட்டு மருமகள் வேறு குடும்பத்தில் பிறந்து வந்தவர். கல்யாணத்தின்போது ஐம்பது கிலோ இருந்தவர், பத்து வருடத்தில் எழுபத்தைந்து. அவருக்கு உங்கள் வம்ச ஜீன் எப்போது ஏறியது? ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய்க் குடம், பொழுதோட எல்லோருக்கும் பேக்கரியில் இருந்து தேங்காய் பன்னும் பப்ஸும். பரம்பரை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு சமையலறையிலும் கைமாறுகிறது.

ஜீன் என்பது வெள்ளாமைக் காட்டில் இருக்கும் சரிவு மாதிரி. தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடப் பார்க்கும். சரிவு இருக்கிறது என்று தெரிந்த குடியானவர் வரப்பை இன்னும் உயர்த்திப் போடுவார், மண்வெட்டியைத் தூக்கி எறிய மாட்டார்.

சரி, இந்த ஜீனுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லையா? இருப்பதற்கான தடயங்கள் உண்டு. பருமனோடு தொடர்புள்ள ஜீன்கள் பலவும் வேலை செய்வது மூளையில்தான், பசியையும் நிறைவையும் ஆளும் இடங்களில். 2010இல், நல்ல நினைவாற்றலோடு இருந்த முதியவர்களின் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, எஃப்டிஓவின் எடை கூட்டும் வடிவம் உள்ளவர்களின் மூளை முன்மடல் சற்றே சிறுத்திருந்தது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் 75 வயதைக் கடந்த ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அந்த வடிவம் இரண்டு வழியிலும் உள்ளவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வருவதைக் கண்டது. அதிலும் ஏபிஓஇ-4 என்ற இன்னொரு ஜீனும் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து துலக்கமாகக் கூடியது. மறதி நோயில் பரவலான வகையான அல்சைமருக்குப் பெரிய ஜீன் என்றால் அந்த ஏபிஓஇ-4தான், 1993இலிருந்து தெரிந்தது. அது இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்து போனவர்கள் ஏராளம். இவற்றை வைத்து ஒரு தனி மனிதரைப் பார்த்து "உனக்கு வரும், உனக்கு வராது" என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை நான் எழுதுவதில்லை.

ஜீனைவிட எனக்குக் கவலை தருவது நாற்பதிலிருந்து அறுபது வரையிலான தொப்பை. அதன் பின்னால் சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன, மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பதம் பார்க்கின்றன. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. நடுவயதுப் பருமன், சுகர், பிரஷர், கொழுப்பு, உடலுழைப்பின்மை ஐந்தும் அதில் இருக்கின்றன. ஜீன் அந்தப் பட்டியலில் கிடையாது, அதை மாற்ற முடியாதே. தறிப்பட்டறைக்காரர் மாற்ற முடியாததைப் பிடித்துக்கொண்டு, மாற்றக்கூடிய ஐந்தையும் கைவிட்டிருக்கிறார்.

வயதானவர்கள் விஷயத்தில் கணக்கு தலைகீழ். இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். லண்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு மறதி நோய் அதிகம் வந்தது. 60, 70 வயதில் பார்த்த எடைக்கு அந்தத் தொடர்பு இல்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் எட்டு ஆண்டுகள் முன்பே, மறதி நோய் வந்தவர்களின் எடை மற்றவர்களைவிடக் கீழே இறங்கியிருந்தது. நினைவு தவறுவது வீட்டில் தெரியும் முன்னே உடம்பு இளைக்கத் தொடங்கிவிடுகிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? எழுபது தாண்டிய அமுச்சி எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். மகளுக்குச் சந்தோஷம், "கொள்ளு ரசம் வேலை செஞ்சிருச்சுங்க" என்கிறார். கேட்டுப் பார்த்தால் அமுச்சி மதியம் சாப்பிட்டதை மறந்திருக்கிறார், சாப்பிடாததையும் மறந்திருக்கிறார். முயலாமல் எடை குறைகிற முதியவரைக் கொண்டாடாதீர்கள், அழைத்து வாருங்கள். மறதி நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சுகர் ஏறியிருக்கலாம், தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, வெறுமனே பல் கட்டு பொருந்தாமல் இருப்பதுகூடக் காரணமாகலாம். எழுபத்தைந்து வயதில் யாரையும் நீங்களாகப் பட்டினி போட்டு இளைக்கவைக்க வேண்டாம். தசையும் சேர்ந்து கரைந்து கீழே விழுவார்கள்.

நாற்பதில் இருப்பவர்களுக்கு: இன்றைக்கே டேப்பை எடுத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளங்கள். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே கட்டுகிற அளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் நமக்கு ஆபத்துக் கோடு. பட்டறைக்குள் எட்டு மணி நேரம் நிற்பது நடைப்பயிற்சி ஆகாது, மூச்சு வாங்கும் வேகத்தில் தினமும் அரை மணி நடக்க வேண்டும். அரிசிம்பருப்பு சாதத்தை விடச் சொல்லவில்லை. ஒரு கரண்டி குறைத்து, பொரியலை ஒரு கரண்டி கூட்டுங்கள். டீக்குச் சர்க்கரை வேண்டாம், பன்னும் வேண்டாம். குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று தூங்குகிறவர்கள் காட்டியாக வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரையை எங்களைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், பரம்பரையில் மறதி இருப்பவர்கள் முக்கியமாக.

ஜீன் பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஐந்து வயதுக்கு முன்பே அளவுகடந்து பருத்து, தீராப் பசியோடு இருக்கும் குழந்தை ஒன்று. அறுபது வயதுக்கு முன்பே மறதி நோய் தலைமுறைதோறும் வந்திருக்கும் குடும்பம் இன்னொன்று. அவர்கள் மரபணு ஆலோசனையோடு செய்துகொள்ளட்டும்.

பெரியவர்களை அழைத்து வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய சீட்டில் எடை எழுதியிருக்கும். எங்களுக்கு அந்த எண் வேண்டும்.