வீட்டு வரலாற்றை அச்சுக்குக் கொடுக்கும் முன்

அப்பாவின் சிறைவாசம், தாத்தாவின் தொழிற்சங்க வேலை, அம்மா நடத்திய மாதர் சங்கம் என்று வீட்டுக் கதையோடு நாட்டு நடப்பும் கலந்த கையெழுத்துப் பிரதிகள் எங்களைப் போன்ற சிறு பதிப்பகங்களுக்கு நிறைய வருகின்றன. பெரிய நிறுவனங்கள் தயங்கும் இந்தப் புத்தகங்கள் வந்தே ஆகவேண்டும். ஆனால் அட்டைப்படத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட எழுதுபவர்கள் ஆதாரங்களுக்குக் காட்டுவதில்லை.

முதலில் தேதிகள். நான் செம்மையாக்கிய ஒரு பிரதியில், எமர்ஜென்சி அறிவித்த வாரமே திமுககாரரான அப்பாவை, விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் பிடித்துப்போனதாக மகள் எழுதியிருந்தார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். 1975 ஜூனில் தமிழ்நாட்டில் நடந்ததோ திமுக ஆட்சி. 1976 ஜனவரி 31 அன்று அது கலைக்கப்பட்ட பிறகுதான் அக்கட்சியினர் இங்கே சாரிசாரியாகக் கைதானார்கள். சிறையிலிருந்து வந்த கடிதங்களை அவரையே எடுத்துவரச் சொன்னேன். முதல் உறையின் அஞ்சல் முத்திரை 1976 பிப்ரவரி. அந்த ஒரு வரி மாறியதும், அம்மா தனியாகக் குடும்பம் நடத்திய மாதங்களின் கணக்கும் மாறி, ஓர் அத்தியாயத்தையே திருப்பி எழுதவேண்டி வந்தது. குடும்ப நினைவு தன் துக்கத்தைப் பெரிய சம்பவத்தின் தேதியோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். கடிதமோ பத்திரிகைச் செய்தியோ, ஏதாவது ஒன்றோடு ஒப்பிடாமல் தேதி போடாதீர்கள்.

அந்தக் கடிதங்களையே புத்தகத்தில் சேர்க்கவேண்டுமா? தாள் உங்கள் பீரோவில் இருந்தாலும் காப்புரிமை எழுதியவருக்குத்தான். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளுக்கு. அப்பா எழுதியது என்றால் உடன்பிறந்தவர்கள் அனைவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவருடைய தோழர் எழுதியது என்றால் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போகத்தான் வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்குப் பல சமயம் இன்னொரு கட்டுக் கடிதங்களும் கிடைக்கின்றன.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனதில் வையுங்கள். ஒருவரின் திருமணம், குடும்பம், பிள்ளைப்பேறு பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடுவது அந்தரங்க உரிமையில் கைவைப்பது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். தங்களைப் பற்றி அவதூறு வருமோ என்று அஞ்சி அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. ஆகவே அமைச்சரின் பதவிக்காலச் செயல்களை ஆதாரத்தோடு துணிந்து எழுதுங்கள். அத்தையின் மறுமணத்தை அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். அச்சுச் செலவு முழுவதையும் தானே கொடுத்துவிட்டு, ‘எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், காலவரையின்றி’ என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவு உங்களுடையது என்றால் உரிமையும் உங்களிடமே இருக்கட்டும். உரிமையை எழுதிக்கொடுப்பதாக இருந்தால் காலம், எல்லை, ராயல்டி மூன்றையும் தாளில் கேட்டு வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று யாராவது தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

புத்தகம் வந்த 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பவேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். பதிப்பித்தவர் நீங்களே என்றால் இந்தப் பொறுப்பும் உங்களுடையது. அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரிக்கும்போதே அந்த நான்கையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.