பட்டி: பானையில் பிறந்து பட்டறைக்கு வந்த சொல்

அறுபதைத் தொட்டவர் தலைக்கு மை பூசிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தால், “என்ன, பட்டி டிங்கரிங் எல்லாம் பலமா இருக்கே!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். கார் பட்டறையில் கிளம்பிய சொல் மண்டபம்வரை வந்துவிட்டது. இரண்டுமே ஆங்கிலம்தான். டிங்கர் என்பவர் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுத்தவர். நம் பட்டறையில் டிங்கரிங் என்றால் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது. தட்டியும் மிஞ்சுகிற பள்ளத்தை நிரப்பும் பசைதான் பட்டி.

அந்தப் பட்டியின் பூர்விகம் பிரெஞ்சுப் பானை. பானைக்கு அங்கே ‘பொ’ என்று பெயர். ஒரு பானை கொள்ளும் சரக்கு ‘பொத்தே’. உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றும் பொடிக்கும் அதே பெயர் விழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், சுண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் பசைக்குப் பெயரானது. அங்கிருந்து நம்மிடம் வந்தபோது, பஸ் எப்படி ‘புஸ்’ ஆகாமல் பஸ் ஆனதோ அப்படியே இதுவும் பட்டி ஆனது. காதால் கேட்டு எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள். எழுத்தைப் பார்த்து ‘புட்டி’ என்று எழுதுகிறவர்கள்தான் சுவரில் சாராய பாட்டிலைப் பூசச் சொல்கிறார்கள். ஆட்டுப்பட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் இந்தப் பட்டி உறவில்லை.

சரி, இந்தப் பசை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது? அதை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய டால்பின் கார். பெங்களூரின் சிபானி நிறுவனம், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாக வைத்து 1980களில் செய்த கண்ணாடியிழை (ஃபைபர்கிளாஸ்) உடம்புக்காரி. அமெரிக்காவில் 1953இலேயே செவ்ரலே கார்வெட் இப்படி வந்துவிட்டது. தகரமே இல்லாத உடம்பில் டிங்கரிங்குக்கு இடமில்லை. சுத்தியலால் தட்டினால் நிமிராது, விரிசல் விடும். ஆக, இரட்டைச் சொல்லில் ஒன்று அங்கேயே கழன்றுவிடுகிறது.

மிச்சமிருந்த பட்டியை நம்பித்தான் நான் ஏமாந்தேன். முன்சக்கரத்துக்கு மேலே, உள்ளிருந்து கல் அடித்த இடத்தில், சிலந்தி வலை மாதிரி விரிசல். ஒரு பட்டறையில் அதன்மேல் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் அதே வலை, புதுப் பெயின்ட்டின்மேல் எழுந்து வந்தது. பட்டி பள்ளத்தை நிரப்பும், பிளந்ததைப் பிணைக்காது. அதற்குள் இழை கிடையாது, பாலியஸ்டர் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் குழைத்த மாவுக்கல் பொடிதான்.

இரண்டாவதாகப் பார்த்த பெயின்ட்டர் பட்டி டப்பாவை உடனே திறக்கவில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ‘டக் டக்’ என்றது ஓரிடத்தில் ‘பொத்’ என்றது; அங்கே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்றார். விரிசலின் அடிவரை கிரைண்டரால் அரைத்து, ஓரத்தைச் சரிவாக இழைத்தார். 3 மி.மீ. கனத்துக்கு மூன்று, நாலு செ.மீ. அகலச் சரிவு. உட்புறமும் சுரண்டி, ரெசினில் நனைத்த கண்ணாடியிழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டினார். முகத்தில் மாஸ்க், முழுக்கைச் சட்டை. அந்தத் தூசி தோலில் பட்டால் ராத்திரி தூக்கம் போகும். பழைய பெயின்ட்டை எடுக்க ரசாயன ரிமூவர் வேண்டவே வேண்டாம் என்றார், அது ரெசினையும் தின்னுமாம். பொறுமையாக எமரித்தாள்தான்.

அப்புறம்தான் பட்டி. சாம்பல் நிறப் பசையில் அதை இறுக வைக்கும் சிவப்பு ஹார்ட்னரை நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்து, கோடு தெரியாமல் ஒரே இளஞ்சிவப்பாகும்வரை குழைத்தார். சில நிமிஷம்தான் நேரம். வெயில் காலத்தில் தகட்டிலேயே கல்லாகிவிடும். காய்ந்ததும் 80ஆம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தார். தண்ணீர் தொடவில்லை, ஏனென்றால் மாவுக்கல் ஈரத்தைக் குடிக்கும்; அது பிறகு பெயின்ட்டுக்கடியில் கொப்புளமாக வரும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவர் கணக்கு.

பட்டிக்குத் தமிழ்ச் சொல் உண்டா? புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. மரத்தின் ஆணிப்பள்ளத்தையும் இடுக்கையும் அடைக்கும் பசைக்குத் தச்சு வேலையில் ‘மக்கு’ என்ற சொல் இருக்கிறது. ‘நிரப்புப் பசை’ என்றும் எழுதலாம். எனக்கு அது மொழிபெயர்ப்பு மணம் அடிக்கிறது. மக்கு மூன்றெழுத்தில் காரியத்தை முடிக்கிறது, ‘மக்கு வைத்து அடை’ என்று வினையோடும் ஒட்டுகிறது. ஒரே தடை, பள்ளிக்கூட வாத்தியார்கள் அந்தச் சொல்லை வேறு வேலைக்குத் தேய்த்துவிட்டார்கள்.

காரை எடுக்கப் போனபோது, பில்லில் ‘மக்கு’ என்று எழுதச் சொல்லிப் பார்த்தேன்.

“யாரைச் சொல்றீங்கண்ணே?” என்று கேட்டுவிட்டு, ‘பட்டி – 1 கிலோ’ என்று எழுதினார்.