ஸ்கவுட்: சாரணரா, ஒற்றரா, நோட்டக்காரரா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றித் தமிழில் எதையாவது தேடிப் பாருங்கள். ஸ்கவுட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சாரணர் என்று மாற்றிவிடும் மொழிபெயர்ப்புச் செயலியின் புண்ணியத்தில் "என்பிஏ சாரணர்கள் அந்த மாணவரைப் பார்க்க வந்திருந்தனர்" என்கிற மாதிரி ஒரு வரி கண்ணில் படும் (என்பிஏ என்பது அங்கே உள்ள தொழில்முறைக் கூடைப்பந்து லீக்). சாரணர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் விசில், பள்ளி மைதானத்தில் கூடாரம் அடித்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகும் பையன்கள். அங்கே அரங்கில் உட்கார்ந்திருப்பவரோ, நேற்று ஓர் ஊர், இன்று ஓர் ஊர், நாளை மறுபடி விமானம் என்று குளிர்காலம் முழுக்க அலைந்து, யாரோ ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இடது கையால் பந்தைத் தட்டத் தெரிந்தவனா இல்லையா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஆள். இவரைச் சாரணர் என்று சொன்னால் பொருளே ஓடிவிடுகிறது.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். என்பிஏவில் 30 அணிகள். ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில், அணிகள் புது வீரர்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் நடக்கும், இரண்டு சுற்று. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இரண்டு கேப்டன்கள் நின்றுகொண்டு மாறி மாறி ஆள் பிரிப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் சுற்றில் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே சம்பள அளவும் பெரும்பாலும் முடிவாகிவிடும். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்குத்தான் முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். அவற்றுக்குள் யார் முதல் என்பதை 1985 முதல் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். ஆகப் பணத்தை அள்ளி வீசி யாரையும் தூக்கிவிட முடியாது. யாரை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்து சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்தான் ஸ்கவுட்.

இப்போது சொல்லின் கதை. ஸ்கவுட் என்ற ஆங்கிலச் சொல் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் பார்ப்பது அல்ல, கேட்பது. இன்றைக்கும் பிரெஞ்சில் எகூத்தே என்றால் கேள் என்றுதான் பொருள். அதற்கும் மேலே போனால் லத்தீனின் அவுஸ்குல்தாரே, காது கொடுத்துக் கேட்டல். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்கிறாரே, அதற்கு மருத்துவத்தில் உள்ள ஆஸ்கல்டேஷன் என்ற பெயரும் இதே வேரிலிருந்துதான் வந்தது. இருட்டில் எதிரிப் படையின் அரவத்தைக் காது கொடுத்துக் கேட்டு வந்து சொல்பவன் ஸ்கவுட் ஆனான். பிறகு பொதுவாகவே படைக்கு முன்னால் போய்த் துப்பு அறிந்து வருபவனுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. நடுவில் இந்தச் சொல் எங்கெங்கோ மேய்ந்திருக்கிறது: ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளில் அறையைக் கூட்டிப் பெருக்கும் பணியாளர் ஸ்கவுட், பழைய கிரிக்கெட்டில் ஃபீல்டிங் செய்கிறவரும் ஸ்கவுட். பேடன் பவல் பட்டாளத்துக்காரர் என்பதால், 1907இல் பிரவுன்சீ தீவில் பையன்களைக் கூட்டி முகாம் போட்டபோது அவருக்குக் கைக்குப் பழகிய படைச் சொல்லையே எடுத்துக்கொண்டார். அதைத்தான் நாம் சாரணர் இயக்கம் என்று தமிழாக்கினோம்.

அந்தத் தமிழாக்கம் ஒன்றும் சோடையில்லை. சாரணர் என்பதற்குப் பழைய வழக்கில் ஒற்றர் என்ற பொருளும் உண்டு. சமண முனிவர்களில் ஒரு வகையினருக்கும் அந்தப் பெயர் உண்டு. சர என்ற வடமொழி வேருக்கு நடமாடுதல், திரிதல் என்று பொருள். ஊர் ஊராகத் திரிகிறவர் என்ற அளவில் கூடைப்பந்து ஸ்கவுட்டுக்கும் பொருந்தத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நூறு ஆண்டாக அந்தச் சொல் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நிற்கிறது, இனி அதை அவிழ்க்க முடியாது.

அடுத்து ஒற்றர். இது நல்ல பழைய சொல், திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரு ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றரை விட்டுச் சரிபார், மூன்று பேரை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆள், மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு என்று வள்ளுவர் சொல்வது என்பிஏ அணிகள் செய்வதற்கு வெகு பக்கத்தில் வருகிறது. ஒரே வீரரை வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஸ்கவுட்கள் பார்ப்பார்கள். ஒருவர் பார்த்த அன்று பையன் 30 புள்ளி எடுத்திருப்பான், இன்னொருவர் பார்த்த அன்று சளி பிடித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஒற்றைக் கண்ணை நம்பி முதல் சுற்றுத் தேர்வை யாரும் செலவழிப்பதில்லை.

ஆனால் ஒற்றருக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, மறைந்திருக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்துக்கு வரும் ஸ்கவுட் மறைவதே இல்லை. முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கி, ஒதுக்கிய இருக்கையில்தான் உட்காருகிறார். எந்த ஆட்டத்துக்கு எத்தனை அணியின் ஸ்கவுட்கள் வந்தார்கள் என்பதே செய்தியாகிவிடுகிறது. மறைக்க வேண்டியது அவர் என்ன நினைக்கிறார் என்பதை மட்டும்தான். சிகாகோ புல்ஸ் அணியைக் கட்டிய ஜெர்ரி க்ராஸ் இதில் கெட்டிக்காரர். ஸ்கவுட்டாக இருந்து மேலே வந்தவர், மனதில் இருப்பதை வெளியே விடாததால் துப்பறிவாளர் என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். என்பிஏவில் ஸ்கவுட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் ஓடுகின்றன. அட்வான்ஸ் ஸ்கவுட் என்று ஒருவர் உண்டு. தன் அணி அடுத்த வாரம் யாரோடு மோதப் போகிறதோ அந்த அணியின் ஆட்டத்துக்கு முன்னாலேயே போய், பயிற்சியாளர் இரண்டு விரலைக் காட்டினால் என்ன ஆட்டம், தலையைத் தட்டினால் என்ன ஆட்டம், கடைசி ஐந்து விநாடியில் பந்தை யார் கைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றெல்லாம் குறித்துவந்து தன் ஆட்களுக்குச் சொல்வார். இது அப்படியே படைக்கு முன்னால் போகும் வேலை, எதிரியின் திட்டத்தை அறிகிற வேலை. இவரை ஒற்றர் என்று தாராளமாகச் சொல்லலாம். கல்லூரி வீரர்களைப் பார்க்கும் ஸ்கவுட்டுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. அவர் பார்ப்பது ஒரு பையனின் மதிப்பை. வேலை வேறு, சொல்லும் வேறாக இருக்கட்டுமே.

அதற்கு என் வாக்கு நோட்டக்காரருக்கு.

நோட்டம் என்றால் இன்றைக்குத் திருடன் வீட்டை நோட்டம் விட்டான் என்கிற அளவில்தான் நமக்குத் தெரியும். பழைய பொருள் அதுவல்ல. நோட்டம் என்றால் நாணயத்தைச் சோதிப்பது. காசு நல்லதா கள்ளமா, மாற்றுக் குறைவா என்று தேர்ந்து சொல்கிறவர் நோட்டக்காரர். அகராதியில் இந்தப் பொருள்கள் இன்றும் கிடக்கின்றன. கன்னடத்தில் நோடு என்றால் பார், நோட்ட என்றால் பார்வை. நம்மிடம் அது வெறும் பார்வையாக இல்லாமல் மதிப்பறியும் பார்வையாக ஆகியிருக்கிறது. கல்லூரி ஸ்கவுட் செய்வது இதுதான். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, மங்கிக் கிடப்பதைத் தள்ளிவிடவும் கூடாது.

எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுவார்கள், ஏனென்றால் வார்ம் அப்பில்தான் தற்காப்பு ஆள் யாரும் மறிக்காமல் பையன் எறியும் பாங்கு சுத்தமாகத் தெரியும். ஆட்டம் ஆரம்பித்ததும் கூட்டம் பந்தைப் பார்க்கும், இவர்கள் பந்து இல்லாத ஆளைப் பார்ப்பார்கள். கூடை தவறியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பெஞ்சில் உட்கார வைத்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறானா, பயிற்சியாளர் பேசும்போது கண் எங்கே போகிறது? எதிரணி தவறு செய்ததற்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எறிவில் எத்தனை சதவீதம் கூடையில் விழுகிறது என்பதற்கு ஸ்கவுட்கள் அதிக மதிப்பு தருவதும் காரணத்தோடுதான். வெளியே நின்று எறிந்து கூடையில் விழுந்தால் மூன்று புள்ளி தரும் கோடு, கல்லூரியில் கூடையிலிருந்து 6.75 மீட்டரில் இருக்கிறது, என்பிஏவில் அது வளைவின் உச்சியில் 7.24 மீட்டர். கல்லூரியில் மூன்று புள்ளி எறிந்தவன் அரை மீட்டர் தள்ளி நின்றும் எறிவானா என்பதற்கு, யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோவில் அவன் கை எப்படி இருக்கிறது என்பது ஒரு தடயம்.

மே மாதத்தில் சிகாகோவில் டிராஃப்ட்டுக்கு வரும் வீரர்களுக்குக் கம்பைன் என்று ஒரு அளவெடுப்பு. காலணி இல்லாமல் உயரம், இரு கைகளையும் விரித்தால் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், தாவும் உயரம், உள்ளங்கையின் அகலம்கூட. 2007இல் கெவின் டுரான்ட் டிராஃப்ட்டுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்டு, அதாவது சுமார் 84 கிலோ எடையைப் படுத்தபடி ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. அந்த ஆண்டு போர்ட்லாண்ட் முதலில் எடுத்தது கிரெக் ஓடனை, சியாட்டில் இரண்டாவதாக டுரான்ட்டை எடுத்தது. ஓடன் முழங்கால் காயங்களால் மொத்தம் 105 என்பிஏ ஆட்டங்களோடு முடிந்துபோனார். டுரான்ட் 2014இல் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். எடை தூக்குவது ஓர் அளவு. ஆனால் கூடைப்பந்தை யாரும் படுத்துக்கொண்டு ஆடுவதில்லையே!

பின்னாளில் மூன்று புள்ளி எறிவதில் தலைசிறந்தவர் என்று பேர் எடுத்த ஸ்டீபன் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி, ஒல்லியான உடம்பு. 2009 டிராஃப்ட்டில் மினசோட்டா அணிக்கு ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு கிடைத்தது, இரண்டிலும் பாயின்ட் கார்டுகளையே, அதாவது கரியைப் போலப் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்களையே எடுத்தார்கள், இரண்டு பேரும் கரி இல்லை. ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் எடுத்துக்கொண்டது. மினசோட்டா ரசிகர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். ஸ்காட்டி பிப்பன் கதை அதற்கு நேர் எதிர். ஆர்கன்சாவில் ஹாம்பர்க் என்ற சிற்றூர், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. சென்ட்ரல் ஆர்கன்சா கல்லூரிக்கு அவர் போனபோது 6 அடி 1 அங்குலம், சேர்ந்தது வீரராக அல்ல, அணிக்கு எடுபிடி பார்க்கும் மேனேஜராக. அங்கே இருக்கும்போதே வளர்ந்து 6 அடி 8 அங்குலத்தைத் தொட்டுவிட்டார். உயரம் வந்துவிட்டது, ஆனால் குட்டையாக இருந்தபோது பழகிய பந்துக் கட்டுப்பாடு கையை விட்டுப் போகவில்லை. தொலைக்காட்சியில் வராத கல்லூரி, பெரிய அணிகளோடு மோதாத கல்லூரி, யார் போய்ப் பார்ப்பது? என்பிஏவின் ஸ்கவுட்டிங் இயக்குநராக வெகு காலம் இருந்த மார்ட்டி பிளேக் இப்படிப்பட்ட மூலை முடுக்குக் கல்லூரிகளைத் தேடிப் போவதற்கே பேர் போனவர். அவர்தான் பிப்பன் பெயரை க்ராஸ் காதில் போட்டது. பிறகு வர்ஜீனியாவில் போர்ட்ஸ்மத் ஊரில் இறுதியாண்டு மாணவர்களுக்காக நடக்கும் போட்டியில் பிப்பன் ஆடியதை எல்லா அணிகளும் பார்த்துவிட, பெயர் மளமளவென்று மேலே போயிற்று. 1987இல் சியாட்டில் ஐந்தாவதாக எடுத்தது, சொல்லிவைத்த மாதிரி அன்றைக்கே சிகாகோவுக்குக் கைமாறினார். அப்புறம் ஆறு சாம்பியன் பட்டம். ஸ்கவுட் என்ற சொல்லின் பழைய பொருளான கேட்டறிதல் இந்த ஒரு கதையில் அப்படியே இருக்கிறது: முதலில் காதுக்கு வந்தது, பிறகுதான் கண்.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் பார்த்துவிடுவோம். டிராஃப்ட் என்பதற்குச் செயலிகள் வரைவு என்று போடுகின்றன. அது கடித வரைவு, சட்ட வரைவு. இங்கே டிராஃப்ட் என்றால் இழுத்தல், படைக்கு ஆளை இழுத்துச் சேர்த்த வழக்கிலிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணம், எனவே வீரரை அணி வரைந்துகொண்டது என்று யாராவது வேடிக்கைக்கு வாதாடலாம், நான் குறுக்கே நிற்கவில்லை. முறை வைத்து எடுப்பதால் முறைத்தேர்வு என்று சொன்னால் புரியும் என்பது என் எண்ணம். ஸ்கவுட்கள் கண் வைத்திருக்கும் இளம் வீரரை ப்ராஸ்பெக்ட் என்பார்கள். அது லத்தீனில் முன்னோக்கிப் பார்த்தல், கம்பெனிகள் வெளியிடும் ப்ராஸ்பெக்டஸும் அதே வேர்தான். பத்திரிகைகளின் நம்பிக்கை நட்சத்திரம் இதற்கு ஒத்துவராது, ஏனென்றால் நம்பிக்கை இருக்கிறதா என்பதைத்தானே இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்வுக்கு வரும் வீரர் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகலாம், எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேவையில்லை.

நோட்டக்காரர் என்று வைத்துக்கொண்டால் மற்ற வடிவங்கள் தாமாக வந்துவிடுகின்றன. ஸ்கவுட்டிங் செய்வது நோட்டம் பார்ப்பது, ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் நோட்டக் குறிப்பு, அட்வான்ஸ் ஸ்கவுட் மட்டும் ஒற்றர். நோட்டம் விடுவது என்று எழுதினால் திருட்டு வாடை வந்துவிடும், பார்ப்பது என்றே எழுதுங்கள். "கன்சாஸ் கல்லூரி ஆட்டத்தை நோட்டம் பார்க்க பன்னிரண்டு அணிகள் ஆள் அனுப்பியிருந்தன" என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் ஸ்கார்ஃப் ஞாபகம் வராது.