அடுத்த ஃபோல்அவுட்டில் கதவு உடனே திறக்குமா?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிச் சாமான் வாங்க வரும் பிள்ளைகள் கடைக்காரரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, இந்த எஸ்எஸ்டியைப் போட்டால் லோடிங் திரை இல்லாமல் போய்விடுமா?" எஸ்எஸ்டி என்பது பழைய வன்தட்டைவிட வேகமான சேமிப்பகம்; அடுத்த இடம் ஏற்றப்படும்வரை நம்மைக் காக்கவைப்பது லோடிங் திரை. நேரம் குறையும், திரை போகாது. ஃபோல்அவுட் 4 விளையாடுகிறவர்களுக்கு நேரம் குறைவதும் முழு நிச்சயம் இல்லை. அந்த விளையாட்டில் லோடிங் வேகம், திரையில் ஒரு விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கென்றே விளையாட்டாளர்கள் தனி நிரல் எழுதினார்கள்.

அணுப்போருக்குப் பின் அழிந்துபோன அமெரிக்காவில் நடக்கும் இந்தத் தொடர் 1997 இல் ஆரம்பமானது. நான்காம் பாகம் 2015 இல் வந்தது. 2024 ஏப்ரலில் அமேசனில் தொலைக்காட்சித் தொடராகவும் வெளியானதும் பழைய விளையாட்டுகளுக்குப் புதுக் கூட்டம் சேர்ந்தது. ஐந்தாம் பாகம் எப்போது என்று கேட்டால், தங்களது இன்னொரு தொடரான எல்டர் ஸ்க்ரோல்ஸின் 6 ஆம் பாகம் முடிந்த பிறகுதான் என்று, ஃபோல்அவுட்டை இப்போது தயாரிக்கும் பெதெஸ்டா நிறுவனத்தின் டொட் ஹவார்ட் 2022 இலேயே சொல்லிவிட்டார். காத்திருப்பவர்கள் அதுவரை ஆசைப் பட்டியல் போடுகிறார்கள். கதவைத் திறந்தால் காத்திருக்கக்கூடாது. வாகனம் ஓட்ட வேண்டும். நகரங்கள் பெரிதாக இருக்க வேண்டும். போட்ட பொருள் போட்ட இடத்தில் கிடக்க வேண்டும். எடுத்த முடிவுக்கு விளைவு இருக்க வேண்டும். எல்லாம் நியாயமான ஆசைகள்தான். ஆனால் இவற்றில் பல ஒரே நினைவகத்தில் பங்கு கேட்கின்றன. ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும்.

பெதெஸ்டாவின் எஞ்சின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல், வெளியுலகத்தைச் சதுரக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 58 மீற்றர். நாம் நிற்கும் கட்டத்தை நடுவில் வைத்து, ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் மட்டுமே முழு உயிருடன் இயங்கும். வெள்ளவத்தையில் காலி வீதியில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம்மைச் சுற்றி ஏறத்தாழ 290 மீற்றர் அகலமான ஒரு சதுரத்துக்குள்தான் மனிதர்கள் நடப்பார்கள், பொருட்கள் உருளும், சண்டை நடக்கும். கடல் அநேகமாக அந்தச் சதுரத்துக்கு வெளியேதான் இருக்கும். தெஹிவளைப் பக்கம் தெரியும் கட்டடங்கள் விவரம் குறைக்கப்பட்ட வெறும் உருவங்கள். அங்கே இருப்பதாகச் சொல்லப்படும் ஆட்கள் நடப்பதில்லை. எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கில் மட்டும் இடம் மாறுகிறார்கள்.

வீட்டின் உள்பக்கம் இந்தச் சதுரத்தில் சேராது. அது தனி உலகம். நான்காம் பாகத்தில் பொஸ்டனின் பேஸ்போல் மைதானத்துக்குள் அமைந்த டயமண்ட் சிட்டிக்கு வாசலில் ஒரு லோடிங். உள்ளே போய் ஒரு வீட்டுக் கதவைத் தொட்டால் இன்னொரு லோடிங். கதவு திறக்கும்போது வெளியுலகம் நிறுத்தப்பட்டு, அறைக்குரிய பொருட்களும் விளக்குகளும் ஆட்களும் ஏற்றப்படுகிறார்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. வெளியே நடப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அறைக்குள் எவ்வளவு சாமானையும் குவிக்கலாம். பெதெஸ்டா அப்படித்தான் குவிக்கிறது.

வட்டிலிருந்து தரவை இழுக்கும் வேகம் மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் அது இந்நேரம் தீர்ந்திருக்கும். பிளேஸ்டேஷன் 4 இன் வன்தட்டு விநாடிக்கு 50 முதல் 100 மெகாபைட் வரை கொடுத்தது. பிளேஸ்டேஷன் 5 இன் எஸ்எஸ்டி 5.5 கிகாபைட் கொடுக்கிறது. உண்மையான சுமை வேறு இடத்தில் இருக்கிறது.

மேசையில் ஒரு தகரக் கோப்பை இருக்கிறது. மற்றப் பல விளையாட்டுகளில் அது மேசையோடு ஒட்டிய அலங்காரம். இங்கே அதற்குச் சொந்தமாக ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கையில் எடுக்கலாம், எறியலாம், இன்னொருவர் காலடியில் போடலாம். அது இருக்கும் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று. எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு கோப்பைக்கு 24 பைட். சின்னத் தொகைதான். ஆனால் நான்காம் பாகத்தில் குப்பைக்கும் விலை வந்துவிட்டது. மேசை மின்விசிறியை உடைத்தால் திருகாணி கிடைக்கும், ஆகவே யாரும் ஒரு விசிறியையும் விட்டுவைப்பதில்லை. நூறு மணி நேரம் விளையாடியவர் தொட்டுக் கலைத்த பொருட்களுக்குக் கணக்கே இராது.

இத்தனையையும் சேமிப்புக் கோப்பு முழுதாக எழுதுவதில்லை. அது பலசரக்குக் கடையின் கடன் கொப்பி போன்றது. கடையில் உள்ள சரக்கு முழுவதும் அதில் இருக்காது. யார் எதை எடுத்தார் என்ற மாற்றம் மட்டும் இருக்கும். கொப்பி தடிக்கத் தடிக்கத்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. பிளேஸ்டேஷன் 3 இல் பொது நினைவகம் 256 மெகாபைட், படங்களுக்கு வேறாக 256. 2011 இல் எல்டர் ஸ்க்ரோல்ஸின் ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் வந்தபோது, நீண்ட நாள் விளையாடியவர்களின் பிளேஸ்டேஷன் 3 இல் அது தள்ளாடத் தொடங்கியது. அதே குடும்ப எஞ்சினில் ஃபோல்அவுட் தொடரின் நியூ வேகாஸ் விளையாட்டை இயக்கிய ஜொஷ் சோயர் காரணத்தை விளக்கினார்: மூல உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் உள்ள வேறுபாடுகள் அனைத்தும், சேமிப்புக் கோப்பைத் திறந்ததும் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

அதனால்தான் எஞ்சின் வேண்டுமென்றே மறக்கிறது. ஸ்கைரிமில் நாம் போகாமல் விட்ட இடம், விளையாட்டுக் கணக்கில் பத்து நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பும். எதிரிகளை முற்றாக ஒழித்த குகை என்றால் முப்பது நாட்கள். ஃபோல்அவுட் 4 இல் நாமே குடியிருப்புக் கட்டும்போது மூலையில் ஓர் அளவுகோல் ஏறிக்கொண்டே வருகிறதே, அதுவும் இந்தக் கட்டுப்பாட்டின் முகம்தான். ஆயுதங்களைத் தரையில் போட்டு, அவற்றைக் கட்டும் முறைக்குள் நின்று உடைத்தால் அளவுகோல் இறங்கும் என்று விளையாட்டாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எஞ்சினை ஏமாற்றலாம், நினைவகத்தை ஏமாற்ற முடியாது, மிஞ்சினால் விளையாட்டு முடங்கும்.

வாகனத்துக்கு வருவோம். விநாடிக்கு 5 மீற்றர் ஓடும் ஒருவர் ஒரு கட்டத்தைக் கடக்கப் பதினொரு விநாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் காருக்கு மூன்றரை விநாடி போதும். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் முன்னால் ஐந்து புதுக் கட்டங்கள் எழும்ப வேண்டும். அவற்றிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் கடன் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, ஆட்களை எழுப்பி, அவர்கள் நடக்கும் பாதையையும் விரிக்க வேண்டும். மாலை ஐந்து மணி நெரிசலில் ஊரும் காலி வீதியில் ஓட்டுவதென்றால் எந்த எஞ்சினுக்கும் சிரமமில்லை. வெறிச்சோடிய பாலைநிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. மூன்றாம் பாகத்தின் புரோக்கன் ஸ்டீல் இணைப்பில் நாம் ஏறும் ரயில், எஞ்சினைப் பொறுத்தவரை உடலில் அணியும் ஒரு பொருள். வாகனம் என்ற ஒன்றே எஞ்சினில் இல்லாததால், ரயிலை ஆளுக்கு மாட்டிவிட்டு ஓட்டிக் காட்டினார்கள். எனக்கு அந்தத் தந்திரத்தின் மேல் தனிப் பிரியம்.

முடிவுகளின் விளைவு மட்டும் இந்தச் சண்டையில் சேராது. ஒரு கிராமத்தைக் காப்பாற்றினோமா கைவிட்டோமா என்பதை நினைவில் வைக்க ஒரேயொரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, போதும். அப்படிப் பத்து முடிவுகள், பத்து பிட். ஒரு கோப்பையின் இடத்தைவிட மலிவு. ஆனால் அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் 1024 விதமான உலகங்கள் வருகின்றன. இங்கே களைத்துப்போவது கதை எழுதுகிற மனிதர்கள். நியூ வேகாஸ் இதைக் கெட்டித்தனமாகச் சமாளித்தது: ஒவ்வொரு ஊருக்கும் கூட்டத்துக்கும் தனித்தனி முடிவுரை எழுதி, கடைசியில் நம் முடிவுகளுக்குப் பொருந்துவனவற்றை மட்டும் கோத்துக் காட்டியது. பெருக்கல் கூட்டலானது.

நான்காம் பாகத்தில் 1,11,000 வசன வரிகள் இருந்தும் பேச்சு மெலிந்துபோனதற்குக் கதாநாயகனின் குரலும் ஒரு காரணம். அவன் சொல்லும் ஒவ்வொரு வரியையும் ஆண்குரலிலும் பெண்குரலிலும் பதிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு பேச்சும் நான்கு பதில்களுக்குள் அடங்கியது. 2023 இல் வந்த ஸ்டார்ஃபீல்டில் பெதெஸ்டா அந்தக் குரலைக் கைவிட்டது. ஐந்தாம் பாகத்திலும் கதாநாயகன் ஊமையாகவே வரட்டும், கதவில் லோடிங் திரையும் இருந்துவிட்டுப் போகட்டும். மிச்சப்படும் பணத்தில் இன்னும் பத்து எழுத்தாளர்களை வேலைக்கு எடுக்கலாம்.