காலி டேங்க்தானே என்று பற்றவைக்கக் கொண்டுபோகாதீர்கள்

போன வாரமும் என்னிடம் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்க் வந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியுடையது. அடிப்பக்கம் வெளியே புடைத்து, இரண்டு தகடும் சேருகிற விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. கொண்டுவந்த தம்பிக்கு "இதை நிமுத்திரலாங்களாண்ணா?" என்பதுதான் கவலை. அதைப் பற்றவைத்த வெல்டருக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்ட பிறகுதான், முன்கையும் முகமும் வெந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று சொன்னான். "டேங்க் காலிங்ணா. ஒரு பொட்டு பெட்ரோல் இல்லீங்க. ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வெச்சிருந்தோம்."

ஈரோட்டிலிருந்து வந்தாலும் பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் இதே பேச்சைத்தான் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காலியாக இருந்ததால்தான் அது வெடித்தது, தம்பி.

பெட்ரோலில் தீப்பிடிப்பது அதன் ஆவி. காற்றில் நூற்றுக்குச் சுமார் 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால் பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. பெட்ரோல் கிடக்கிற டேங்க்குக்குள் ஆவி பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். (அதற்காக அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடியைத் தாண்டி வெளியே வருகிற ஆவி பற்றிக்கொள்ளும்.) வடித்துவிட்டுக் காற்றாட வைக்கிறீர்கள் பாருங்கள், அப்போதுதான் உள்ளே ஆவி மெல்லக் குறைந்து, வெடிப்பதற்குச் சரியான கலவைக்கு வந்து நிற்கிறது. பத்து லிட்டர் டேங்க்கை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு மில்லி பெட்ரோல் போதும். குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற மூடியில் அடி நனைகிற அளவு. அதையா கவிழ்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள்?

துருப்பிடித்த டேங்க் என்றால் இன்னும் மோசம். செதில் செதிலாக நிற்கிற துருவுக்குள்ளும், அடித்தகட்டின் மடிப்புக்குள்ளும் பெட்ரோல் ஊறிக் கிடக்கும். மூக்கை வைத்துப் பார்த்தால் வாசம்கூடத் தெரியாது. கேஸ் வெல்டிங் தீ தகட்டைச் சுட வைத்ததும் ஒளிந்திருந்தது எல்லாம் ஆவியாகி வெளியே வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால், வெயிலில் வைத்தால் பறந்துபோய்விடும் என்ற கணக்கும் சரிப்படாது. அடியிலேயே தங்கும்.

சில பட்டறைகளில் ஓடுகிற வண்டியின் சைலன்சர் புகையை டேங்க்குக்குள் விட்டால் அது உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிவிடும் என்று நம்பிப் பற்றவைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியின் புகையிலேயே எரியாத பெட்ரோல் வரும். அதை நம்பி முகத்தைக் கொண்டுபோய் டேங்க்குக்கு மேலே நீட்டாதீர்கள்.

சரி, அந்தத் தம்பி வெல்டரிடம் போக வேண்டி வந்ததே ஏன்? பாத்ரூம் ஆசிட். மளிகைக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி அப்படியே ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டிருக்கிறான். துரு போனது உண்மைதான். ஆனால் அந்த ஆசிட்டுக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்ற வித்தியாசம் கிடையாது. ஏற்கெனவே குழி விழுந்த இடமெல்லாம் ஊசித் துளையாகிவிட்டது. அது இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும். அந்த நேரத்தில் லைட்டரைப் பொருத்தி உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது, அதன் விளக்கு எதற்கு? டேங்க்கை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 100 நம் ஊரில் 1985 முதல் 1996 வரைதான் வந்தது. மைசூரில் செய்த யெஸ்டியும் 1996-லேயே நின்றுபோனது. அப்பாரு ஓட்டிய வண்டி தோட்டத்துச் சாளையில் பத்து வருஷம் சாத்திக் கிடந்ததை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கிற ஆசை எனக்கும் பிடித்த ஆசைதான். அதற்குப் பொறுமையான வழி இருக்கிறது.

டேங்க்கைக் கழற்றி, அடுப்பும் பீடியும் கரண்ட் பொறியும் இல்லாத திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோலைக் காக் (டேங்க்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகு) வழியாகத் தகர டின்னில் வடியுங்கள். தயவுசெய்து டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி ஆகி உயிருக்கே ஆபத்து வந்துவிடும். மூடி, காக், பெட்ரோல் மிதவை எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை ரப்பர் அடைப்பான் கொண்டு இறுக்குங்கள். சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீர் ஊற்றி, பிசுக்கு போகிற வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பிறகு பழைய சைக்கிள் செயினைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு, தண்ணீரோடு குலுக்குங்கள். செயினுக்குப் பதிலாக ஜல்லி போடுகிறவர்கள் அதில் பாதியைத் திரும்ப எடுக்க முடியாமல் என்னிடம் வருகிறார்கள்.

அப்புறம் எலுமிச்சை உப்பு. சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, டேங்க் நிறைய ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புகிற வாயு போக வழியாக மேல்வாயைத் திறந்தே வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சாம்பல் நிறத் தகடு தெரிந்ததும் வடித்து, ஆப்ப சோடாத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு தரம் அலசுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டீ குடிக்கப் போனீர்கள் என்றால், திரும்பி வருவதற்குள் அந்தச் சாம்பல் தகட்டில் மஞ்சள் துரு பூக்கத் தொடங்கிவிடும். உடனே ப்ளோயரில் உலர்த்துங்கள். காய்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். மறுபடி துருப்பிடிக்காமல் இருக்க டேங்க்குக்குள் உள்பூச்சுப் பசை அடிப்பதாக இருந்தால் ஆயில் விடாதீர்கள். துருவோ ஈரமோ பிசுக்கோ இருந்தால் பசை உரிந்து வந்து கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற சின்னத் துளையை, அதாவது ஜெட்டை, அடைக்கும். எத்தனால் தாங்குகிற பசைதானா என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கினால் மறுபடி துருதான். மாதக்கணக்கில் நிறுத்துகிற வண்டி என்றால் டேங்க்கை முழுக்க வடித்து உலர்த்தி, ஆயில் புரட்டி வையுங்கள்.

வடித்த பெட்ரோலையும் ஆசிட் தண்ணீரையும் வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்ட வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் மாடும் நாமும் குடிக்கிறோம்.

துளை விழுந்துதான் விட்டதா? டேங்க் பற்றவைத்துப் பழகியவரிடம் மட்டும் போங்கள். சோப்பு, சுடுதண்ணீர், நீராவி என்று கழுவிய பிறகும், பற்றவைக்கிற இடம் மேலே வரும்படி வைத்து, அதற்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச இடைவெளியில் கார்பன் டை ஆக்சைடோ ஆர்கான் வாயுவோ விட்டு, மூடி திறந்திருக்கத்தான் வேலை தொடங்க வேண்டும். பட்டறையில் தொழில் பழகுகிற தம்பிகளே, முதலாளியே சொன்னாலும் சரி, தண்ணீர் நிரம்பாத டேங்க்குக்கு முன்னால் கேஸைத் திறக்காதீர்கள். வெடித்தால் வேகப்போவது உங்கள் கை.